எதிர்க்கடைக்கு ஒரு போன்

எந்தக் கல்லூரியைப் பற்றிக் கேட்டாலும் ஜெராக்ஸ் அக்கா அந்தக் கல்லூரிக்குப் போன் போட மாட்டார். அதன் வாசலுக்கு எதிரே இருக்கும் கடைக்குத்தான் போடுவார். டீக்கடையோ பேக்கரியோ பஞ்சர் கடையோ, எது இருக்கிறதோ அது. "காலேஜுக்குப் போட்டா காலேஜ் சொல்லுறதத்தான் சொல்லும். எதிர்க்கடைக்காரருக்கு என்ன வந்துச்சு, பார்த்தத சொல்லிட்டுப் போவாரு" என்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவர் கடை. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், பாஸ்போர்ட் போட்டோவுக்காக நீலத் துணி கட்டிய சுவர், அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல், வசனம் அச்சடித்த சர்ச் காலண்டர். அவ்வளவுதான் கடை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அந்தச் சந்தில் சைக்கிள் நுழையாது. பொறியியல் கலந்தாய்வு, அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., நர்சிங் என்று அந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் விண்ணப்பமெல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். கடைக்கு ஒரு பெயர் இருந்தது. அக்காவுக்கும் இருந்தது. இரண்டையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெராக்ஸ் அக்கா கடை என்றால் ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும்.

நான் அப்போது மதுரைப் பக்கம் நாற்கரச் சாலையோரத்தில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பேராசிரியர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தேர்வு முடிந்ததும் எங்களை ஊர் ஊராகப் பிரித்து, கையில் ஒரு பை நிறைய நோட்டீஸும் ப்ளஸ் டூ மாணவர்களின் முகவரிப் பட்டியலும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அலுவலகத்தில் அதற்கு அட்மிஷன் டூட்டி என்று பெயர். எங்களுக்குள் பிள்ளை பிடிக்கிற வேலை. ஆளுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்து தேறாதவர்களை ஜூன் மாதம் மறுபடி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். இதை யாரும் எழுதித் தரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு விழுந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரம். ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜில் நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்தோம். காலையில் ஆளுக்கொரு பஸ் பிடித்துப் போவோம். மாலை நான்கு மணிக்கு லாட்ஜ் வாசலிலிருந்து கல்லூரி வேன் கிளம்பும். அன்றைக்குக் கிடைத்த ஒரிஜினல் சர்டிபிகேட் கவர்களை அதில் ஏற்றிவிட வேண்டும். "வாய்ப்பேச்சு அட்மிஷன் கிடையாது, ஒரிஜினல் வந்தாத்தான் அட்மிஷன்" என்பது எங்கள் ஆபீஸ் மேனேஜர் போட்ட சட்டம். மார்க் ஷீட்டும் டி.சி.யும் ஆபீஸ் அலமாரிக்குள் போய்விட்டால் பிள்ளை வேறு எங்கேயும் போய்ச் சேர முடியாது. அதுதான் அந்தச் சட்டத்தின் சூட்சுமம்.

கவரில் வைக்க மூன்று செட் நகல் வேண்டும். அதற்காகத்தான் நான் அக்கா கடைக்குப் போனேன். பிள்ளையையும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போவேன். அக்கா நகல் எடுத்து, ஒரிஜினலையும் சேர்த்து அடுக்கி என்னிடம் நீட்டுவார். என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பத்து நாளில் அந்தக் கடை எனக்குக் கிளை அலுவலகம் ஆகிவிட்டது. வெயில் உக்கிரமாக இருக்கும் மதிய வேளைகளில் போட்டோ ஸ்டூலில் உட்கார்ந்து அங்கே நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் அவர் போன் போடும் கலையைக் கற்றுக்கொண்டேன், அல்லது கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறப்பார். கல்லூரியைத் தேடுவார். நாமெல்லாம் அங்கேயே நின்றுவிடுவோம், கட்டிடத்தின் போட்டோவைப் பார்ப்போம், எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்போம். அக்கா மவுஸை மெல்ல நகர்த்திச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். அங்கே ஏதாவது ஒரு கடையின் பெயரும் நம்பரும் இருக்கும். ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். கேட்கிறவர்கள் காதால் கேட்கட்டும் என்பது அவர் எண்ணம். அண்ணாச்சி சவுக்கியமா, வியாபாரம் எப்படி, மழை உண்டா என்று ஆரம்பிப்பார். ராஜபாளையத்துக் கடையாக இருந்து எதிராளி தெலுங்கு பேசுகிறவராகத் தெரிந்தால் இவரும் தெலுங்குக்குத் தாவிவிடுவார். அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார்.

கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். காலையில் பதினோரு மணிக்கு உங்கள் கடையில் யார் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகள் சாயங்காலம் எந்தப் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். படித்து முடித்துப் போன யாராவது பிறகு வந்து டீ குடித்திருக்கிறார்களா. படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இருக்காது. கடைக்காரர் சொல்வதை வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிப் பிள்ளையிடம் நீட்டுவார். "நான் ஒண்ணும் சொல்லல தாயி. எதிர்க்கடை சொல்லுது. இனி நீ யோசி" என்று மவுஸை அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்.

வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, நோட்டீஸில் ஒன்பது மாடி ஆஸ்பத்திரிப் படம். எதிரே இருந்தது பூக்கடை. "காலேஜா? இங்க கல்யாண மண்டபம்லா இருக்குக்கா" என்றார் பூக்கடைக்காரர். "மாடியில ரெண்டு ரூம்ல பத்துப் பதினஞ்சு புள்ளைய வந்துட்டுப் போகுது. முகூர்த்த நாள்னா லீவு விட்டுருவாவ." கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், அந்தப் பையனும் சிரித்துவிட்டான். அக்கா மட்டும் சிரிக்காமல் அதை அப்படியே எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு பையன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவுதான் வேண்டும் என்று நின்றான். எதிரே லேத் பட்டறை. அந்த முதலாளி தெலுங்கில் நீளமாகப் பேசினார். போனை வைத்ததும் அக்கா தமிழில் சொன்னது இரண்டே வரி. ஃபிட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் கைதேர்ந்தவர், அவரிடம் படித்த பையன்கள் மூன்று பேர் இந்தப் பட்டறையிலேயே வேலை பார்க்கிறார்கள். வெல்டருக்கு ஒரு வருஷமாக வாத்தியாரே கிடையாது. பையன் செத்த நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனாகவே மவுஸைப் பிடித்து வெல்டரை அழித்துவிட்டு ஃபிட்டர் போட்டான். இந்தத் தகவலை எந்த வழிகாட்டி முகாமில் போய் வாங்குவது என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி யோசித்தேன்.

அவர் வழி தப்பிப் போனதும் உண்டு. அதை அவரே வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சுந்தரபாண்டியத்துப் பெண் ஒருத்தி நர்சிங் சேர வேண்டுமென்று வந்திருக்கிறாள். எதிரே பேக்கரி. பேக்கரிக்காரர் கல்லூரியைப் பற்றி ஆகா ஓகோ என்று பேசியிருக்கிறார். பெண் சேர்ந்துவிட்டாள். மூன்று மாதமாகியும் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை, ஹாஸ்டல் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகுதான் தெரிந்திருக்கிறது, பேக்கரி இருந்த கட்டிடமே கல்லூரி முதலாளியுடையது.

பெண் வெளியே வந்துவிட்டாள், சர்டிபிகேட் வரவில்லை. இன்று வா நாளை வா என்று அலைக்கழித்திருக்கிறார்கள். அக்கா கடையைப் பூட்டிவிட்டு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். கல்லூரிக்குள் போகவில்லை. அதே பேக்கரியில் வாசலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அட்மிஷனுக்கு வருகிற ஒவ்வொரு தாய் தகப்பனிடமும், "ஒரிஜினல குடுத்துட்டியளா? குடுக்கதுக்கு முன்னால செத்த இந்தப் புள்ள கத கேட்டுட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். பேக்கரிக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ வாங்கிக் குடித்துக்கொண்டே இருப்பவரை எப்படி எழுப்புவது. இரண்டாம் நாள் மதியம் வாட்ச்மேன் கையில் கவரைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கதையை அவர் வெற்றிக் கதையாகச் சொன்னதே இல்லை. "கவரு வந்துச்சு. அந்தப் புள்ளைக்கு ஒரு வருஷம் போச்சுல்லா. அத நான் எங்க இருந்து எடுத்துக் குடுக்க" என்று முடிப்பார். அதற்குப் பிறகு ஒரு கடைக்கு இரண்டு கடையாகப் போன் போட ஆரம்பித்தார். முன்வாசலுக்கு எதிரே ஒன்று, பின்வாசல் இருந்தால் அதற்கு எதிரே ஒன்று.

ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாக இருந்தார். பிள்ளை வாய் திறந்து கேட்டால்தான் போன். அப்பா கேட்டால் போட மாட்டார், மாமா கேட்டால் போட மாட்டார். "படிக்கப் போறது அவதான? அவ கேக்கட்டும்" என்பார். என்னோடு வந்த பிள்ளைகள் எதுவும் கேட்கவில்லை. சார் கூட இருக்கும்போது என்ன கேட்பது என்று நினைத்திருப்பார்கள். அந்த மௌனத்தில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கவர்கள் வேனில் ஏறிவிட்டன. இந்த வைராக்கியத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றும் ஒரு கோபம் உண்டு. கேட்கத் தெரியாத பிள்ளைகளுக்குத்தானே ஒருவர் கேட்க வேண்டும். என் தப்பை அவர் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஐந்தாவது கவர் மகாராஜபுரத்தில் கிடைத்தது. அப்பா தென்னை மரம் ஏறுகிறவர். பெண் கம்ப்யூட்டர் பாடத்தில் நல்ல மார்க். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டருக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். முதல் பட்டியலில் பெயர் வரவில்லை. நான் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனேன். அதே கம்ப்யூட்டர்தான், ஆனால் இது இன்ஜினியரிங் என்றேன். கல்லூரிப் பஸ் வத்திராயிருப்பு வரை வரும் என்றேன். மூன்றாவது முறை அவர் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, துணிப்பையிலிருந்து மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் சாதிச் சான்றிதழையும் எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "நீங்க பாடம் எடுக்குத எடம்னு சொல்லுதிய. பொறவு எனக்கு என்ன பயம்" என்றார். அந்தக் கவரை வாங்கும்போது என் பையில் வேறொரு கவரும் இருந்தது. அதில் என் பயோடேட்டா பன்னிரண்டு செட். எங்கள் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்தது. வேறு வேலை கிடைக்குமா என்று நானும் ஊர் ஊராகத் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அப்பாவும் மகளும் அக்கா கடைக்கு வந்துவிட்டார்கள். நான் கவரைப் பையிலிருந்து எடுக்கப் போகும்போது பெண்ணின் போனில் ஒரு மெசேஜ் வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அப்பாவிடம் காட்டினாள். அவருக்குப் படிக்க வராது என்பதால் வாய்விட்டே சொன்னாள்.

"யப்பா, கவர்மெண்ட் காலேஜ்ல ரெண்டாவது லிஸ்ட்ல கூப்பிட்டுருக்காவ. நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு. ஒரிஜினல் கொண்டு வரணுமாம்."

அப்பா என்னைப் பார்த்தார். "சார், இது என்ன, ரெண்டு எடத்துலயும் போக முடியுமா?"

முடியாது என்று எனக்குத் தெரியும். நான்கு மணி வேனில் கவர் போய்விட்டால் நாளை ஒன்பது மணிக்கு அவள் வெறுங்கையோடுதான் நிற்பாள். அதை நான் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றேன். பார்க்கலாம் என்ற வார்த்தையை அந்த மாதத்தில் நான் எத்தனை வீடுகளில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவைப் பார்த்து, "அக்கா, சார் காலேஜுக்கு எதிர்ல ஏதும் கட இருக்கா?" என்று கேட்டாள்.

அக்கா கையிலிருந்த ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வரைபடத்தைத் திறந்தார், எங்கள் கல்லூரியைத் தேடினார், சாலையைக் கடந்தார். அங்கே இருப்பது ஒரே ஒரு கடை. நான் தினமும் போகும் கடை.

"அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பேசுதேன். நானும் ஜெராக்ஸ் கடதான் வச்சிருக்கேன்" என்று அக்கா ஆரம்பித்தார். இரண்டு ஜெராக்ஸ் கடைக்காரர்கள் பேசிக்கொண்டால் முதலில் டோனர் விலைதான். அது முடிந்ததும் அக்கா தன் கேள்விகளைக் கேட்டார். பையன்கள் மரியாதையானவர்கள், பஸ் வசதி உண்டு, சண்டை சச்சரவு கிடையாது என்று அண்ணாச்சி நல்லபடியாகவே சொல்லிக்கொண்டு வந்தார். மகாராஜபுரத்துக்காரர் முகம் தெளிந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

"காலேஜ் லீவுல உங்களுக்கு வியாபாரம் படுத்துருமே?" என்றார் அக்கா. அது கடைக்காரர் கடைக்காரரிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி.

"அதெல்லாம் படுக்காதுக்கா. லீவுலதான் வாத்தியாருங்க வருவாங்க."

"வாத்தியாருங்க என்னத்த ஜெராக்ஸ் எடுக்காவ?"

"பயோடேட்டாதான். வேற காலேஜுக்குப் போடதுக்கு. பாதிப் பேரு வருஷா வருஷம் மாறிட்டே இருப்பாங்க. பாவம், நல்ல வாத்தியாரா இருந்தாலும் நிக்க மாட்டேங்காங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னகூட கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் சார் ஒருத்தர், தங்கமான மனுசன், இப்ப உங்க ஊர்ப் பக்கம்தான் அட்மிஷனுக்கு..."

அக்கா கட்டை விரலால் ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு மீதியைத் தனியாகக் கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி, ரொம்ப சந்தோசம், வைக்கேன்" என்று முடித்தார். அவர் வழக்கப்படி எல்லாவற்றையும் எல்லோரும் கேட்க வேண்டும். அந்த வழக்கத்தை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்காக மீறினார்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணுக்கு விளங்கிவிட்டது. அவள் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

அக்கா எழுந்து மெஷின் பக்கம் போனார். "சார், நகல் எடுக்கணும்னு வந்திய. ஒரிஜினல எடுங்க" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். மூன்று செட் எடுத்தார். வழக்கமாக ஒரிஜினலையும் நகலையும் சேர்த்து அடுக்கி என்னிடம்தான் கொடுப்பார். அன்று நகல்களை என் முன்னால் வைத்தார். ஒரிஜினலைக் கவரில் போட்டு, மேசையில் அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் வைத்தார். அடுத்து நின்றவரிடம் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

பெண் கவரைத் தொடவில்லை. அப்பா கொடுத்ததை அப்பா சொல்லாமல் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க சார். நீங்க சொன்னாச் சரிதான். எனக்கு என்ன தெரியும்?"

ஐந்தாவது கவர். அதை எடுத்துப் பையில் போட்டால் ஜூனில் எனக்கு வேலை இருக்கும். ராஜபாளையம் பஸ் பிடித்தால் நான்கு மணிக்குள் தாராளமாகப் போய்விடலாம். அந்த மனிதர் என்னை ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்.

"நாளைக்கு அங்க போங்க அண்ணாச்சி" என்றேன். "கூப்பிட்டுட்டாங்கன்னா அனேகமா சீட்டு கிடைச்சிரும். கிடைச்சா அங்கேயே சேர்த்துருங்க."

"அப்ப உங்க காலேஜு? நீங்க பாடம் எடுப்பிய, பார்த்துக்கிடுவியன்னுல்ல நெனச்சேன்."

"நான் அங்க இருப்பேனான்னு எனக்கே தெரியல அண்ணாச்சி."

அவருக்கு அதுவும் விளங்கவில்லை. ஆனால் மகளைப் பார்த்து, "ஏட்டி, எடுத்து வையி" என்றார். அவள் கவரை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது என்னிடம், "தேங்க்ஸ் சார்" என்றாள். அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள், அக்கா தலையை ஆட்டினார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கூட்டம் குறைந்ததும் அக்கா எனக்கு எதிரே வந்து நின்றார். "இந்த நகல் மூணு செட்டும் இனி ஆகாது. போட்டுட்டுப் போங்க, பின்பக்கம் எழுத ஆகும்" என்றார். கொடுத்தேன்.

"மத்த நாலு பேருக்கும் ஏன் போன் போடலக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கேக்கல" என்றார். மெஷின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். "போட்டுருக்கணும்தான். எனக்கும் உறுத்துது. உங்களுக்கும் உறுத்தும்லா?"

உறுத்துகிறது. அந்த நான்கு பேரில் மூன்று பேர் எப்படியோ முட்டி மோதிப் படித்து முடித்துவிட்டார்கள். ஒருவன் முடிக்கவில்லை. அவன் பெயரும் ஊரும் எனக்கு மறக்கவில்லை.

நினைத்தது போலவே ஜூனில் எனக்கு அழைப்பு வரவில்லை. மகாராஜபுரத்துக்காரர்தான் ஒருநாள் போன் செய்தார். சீட்டு கிடைத்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்றார். எனக்கு வேலை போன விஷயம் அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு சங்கரன்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். சின்ன இடம். பிள்ளை பிடிக்கிற வேலை கிடையாது. பாடம் எடுக்கலாம், லேப் திறந்திருக்கும், பதினோரு மணிக்கு வெளியே யாரும் நிற்க மாட்டார்கள். இதையெல்லாம் நான் கவனித்ததே அக்காவின் கேள்விகளால்தான்.

அக்காவை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும்போதெல்லாம் இறங்க வேண்டுமென்று தோன்றும். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றும் தோன்றும். பஸ் கிளம்பிவிடும்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ஜூலை மாதம். கோயம்புத்தூரில் பெரிய கல்லூரி ஒன்றில் இடம் காலி என்று நண்பன் சொன்னான். எனக்கும் ஆசை வந்தது. வராமல் இருக்குமா. பயோடேட்டாவைத் திருத்தி எழுதி, ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு பாலிடெக்னிக் வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க சார். ஒரு கூத்து கேளுங்க. போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒரு அக்கா போன் பண்ணுச்சு. மொத டோனர் விலையெல்லாம் விசாரிச்சுச்சு. பொறவு நம்ம காலேஜப் பத்திக் கேட்டுச்சு."

"என்ன கேட்டாங்க?"

"பதினோரு மணிக்கு யாரு நிக்கான்னு கேட்டுச்சு. புள்ளைய எந்தப் பஸ்ஸுல போவுதுன்னு கேட்டுச்சு. அதெல்லாம் சரி. கடேசியில, வாத்தியாருங்க வந்து என்னத்த ஜெராக்ஸ் எடுக்காவன்னு கேட்டுச்சு. இப்படியும் ஒரு கேள்வி உண்டா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். கொஸ்டின் பேப்பர் எடுக்காவ, லேப் ஷீட்டு எடுக்காவ, வேற எதையும் நான் பார்க்கலன்னேன். அம்புட்டுதான், சரி அண்ணாச்சின்னு வச்சிருச்சு." அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அந்த அக்கா யாருக்காகக் கேட்டுச்சோ அந்தப் புள்ள வந்து சேந்துட்டு சார். வன்னியம்பட்டிப் பொண்ணு. நேத்து இங்கதான் போட்டோ எடுத்துச்சு. உங்க டிபார்ட்மெண்டுதானாம். சரி, உங்களுக்கு என்ன எடுக்கணும்?"

அவர் தாளுக்காகக் கையை நீட்டினார். நான் ஃபைலைத் திறந்தேன். பயோடேட்டாவுக்கு அடியில் முதல் வருஷ மாணவர்களுக்காகத் தயாரித்த லேப் ஷீட் இருந்தது. அதை உருவிக் கொடுத்தேன்.

"முப்பது காப்பி" என்றேன். "இல்ல, முப்பத்தொண்ணு போடுங்க. புதுசா ஒரு புள்ள வந்திருக்குல்லா."